ஐம்பத்து நான்கு செருப்புகள்

பம்பாய் முனிசிபல் வார்டு ஆபீஸில் புதிதாகக் கட்டட இன்ஸ்பெக்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கிற நீங்கள் ஏழெட்டுப் பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். "சார், உங்க சர்வீஸ்லயே பெரிய கேஸ் எது? எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். பெரிய கேஸ்களைப் பற்றிப் பெரிய ஆபீசர்கள் எழுதுவார்கள். என் சர்வீஸிலேயே பெரிய தப்பு எது என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். அதையே எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்று தெரியும். வாசிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டட்டும். ஹிந்தியில் மாற்றிச் சொல்லும்போது மட்டும் என்னை ஹீரோ ஆக்கிவிட வேண்டாம். இந்தக் கதையில் எனக்கு அப்படிப்பட்ட பாகம் இல்லை.

அறுபதுகள். சீன யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்து நாலு வயது. வேலையில் சேர்ந்து பத்து மாதம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆனால் பேன்ட் பாக்கெட்டில் அளவு நாடா, கையில் நோட்டுப் புத்தகம், காலில் பாலீஷ் போட்ட ஷூ. பம்பாயே என்னைக் கேட்டுத்தான் செங்கல் வைக்கிறது என்ற நினைப்பு. அந்த வயதில் அந்த நினைப்பு இல்லாவிட்டால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எங்கள் செக்‌ஷன் தலைவரை எல்லோரும் சாஹேப் என்போம். மராட்டிக்காரர், நல்ல மனுஷர். மேலே இருந்து போன் வந்தால் மட்டும் அறையில் யாரும் இல்லாவிட்டாலும் எழுந்து நின்றுதான் பேசுவார். அந்த வருஷம் அவர் நிறைய நின்றார்.

காரணம் ஒரு பட்டியல். சொந்த வீட்டில் ஜெபக் கூட்டம் நடத்துகிற சின்னச் சின்னக் கிறிஸ்தவக் கூட்டத்தார் யார் யார் என்று மேலே எங்கேயோ கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுத் தொடர்பு உள்ளவர்கள் மேல் யுத்த காலத்தில் வந்த சந்தேகம் அப்போதும் வடியவில்லை. பெரிய சர்ச்சுகளை விட்டுவிட்டார்கள். அவற்றுக்குக் கோபுரம் இருந்தது, வக்கீல் இருந்தார். ஒற்றை அறையில் பாய் விரித்து ஜெபிக்கிறவர்களுக்கு இரண்டும் இல்லை. முதலில் ஒரு போலீஸ்காரர் போய், யார் வருகிறார்கள், வெளிநாட்டிலிருந்து கடிதம் வருகிறதா என்று விசாரித்துப் பெயர் எழுதிக்கொண்டு வருவார். அடுத்தது நம் ஆபீஸ். ஜெபம் செய்யாதே என்று சொல்ல யாருக்கும் சட்டம் இல்லை. "குடியிருக்கும் அறையை அனுமதி இல்லாமல் பொது வழிபாட்டு இடமாக மாற்றிவிட்டாய்" என்று சொல்ல மட்டும் ஒரு விதி இருந்தது. ஏழு நாள் நோட்டீஸ், அதற்குள் சரியான பதில் இல்லை என்றால் அறைக்குப் பூட்டு, பூட்டின் மேல் அரக்கு சீல். சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாமி கும்பிடுகிறவனைத் தெருவுக்கு அனுப்பிவிடலாம்.

இதெல்லாம் அப்போது எனக்குப் புரிந்தது என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி போட்டுவிட்டார்களே என்ற எரிச்சல் மட்டும்தான் இருந்தது. "தாராவியில் ஒரு வீடு. உன் பாஷைதான் பேசுகிறார்கள், மதராஸி. போய்ப் பார். எத்தனை பேர் கூடுகிறார்கள் என்று எழுதிக் கொடு. எண்ணிக்கைதான் முக்கியம்" என்றார் சாஹேப்.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். ரயில் பாலத்தைத் தாண்டினால் ஆயிற்று. பிறந்ததிலிருந்து அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தவன், அன்றுதான் முதல் முறையாகத் தாண்டினேன்.

சந்துக்குள் நுழைந்ததுமே பாட்டுக் கேட்டது. கைதட்டிக்கொண்டு தமிழில் பாடினார்கள். கதவு திறந்திருந்தது, குறுக்கே ஒரு சேலைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். வாசலில் செருப்புகள். வாசலில் மட்டுமா? வாசலிலிருந்து சுவரோரமாக வளைந்து, பக்கத்துக் குழாயடி வரைக்கும் வரிசையாகக் கிடந்தன. எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷம் என்றால் செருப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கும், கிளம்பும்போது அவனவன் தன்னுடையதைத் தோண்டி எடுக்க வேண்டும். இவர்கள் ஒழுங்காக வரிசையில் விட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் நடத்தி நடத்திப் பழகிய மதமாயிற்றே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். பிறகு எண்ணினேன். ஐம்பத்து நான்கு. இரண்டால் வகுத்தேன். இருபத்தேழு பேர்.

ஒரு வெள்ளைக்காரனோ பார்சியோ அந்த வேலைக்குப் போயிருந்தால் திரையை விலக்கித் தலைகளை எண்ணியிருப்பான். நான் தமிழன். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்பதை எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். தலையில் முக்காடு.

"யாரு சார்? ஆபீசுலேர்ந்தா? வெயில்ல எதுக்கு நிக்கிய, உள்ள வாங்க. பாட்டு முடியப் போவுது. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போவலாம்."

"பரவாயில்லம்மா. பாத்தாச்சு."

"உள்ள வராமலேயா?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வழிபாட்டுக்கு நடுவில் போய் நிற்பது மரியாதை இல்லை என்றுதான் உள்ளே போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? தாராவியில், தோல் கிடங்குச் சந்தில், அவர்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டவும் அவர்கள் கொடுக்கும் காப்பியைக் குடிக்கவும் மாட்டுங்காப் பிராமணப் பையனுக்கு மனம் வரவில்லை. மரியாதை என்பது அதற்கு நான் போட்ட சட்டை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ரிப்போர்ட் எழுதினேன். "நேரில் கண்டேன். இருபத்தேழு பேர் கூடியிருந்தனர்." சாஹேப் படித்துவிட்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். மற்ற இன்ஸ்பெக்டர்கள் எல்லாம் 'சுமார் இருபது', 'ஏறக்குறைய முப்பது' என்று எழுதுவார்களாம். இந்தப் பையன்தான் துல்லியம். அன்று மத்தியானம் எனக்கு இரண்டு சமோசா வாங்கிக் கொடுத்தார். நானும் துல்லியமாக இரண்டையும் தின்றேன்.

வியாழக்கிழமை நோட்டீஸ் தயார். எழுதியவனே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். போனேன். வீட்டுக்காரர் தேவசகாயம் தோல் கிடங்கில் வேலைக்குப் போயிருந்தார். அந்த அம்மாள்தான் இருந்தார். பெயர் ஞானப்பூ. காகிதம் இங்கிலீஷில் இருந்ததால் நானே தமிழில் சொன்னேன். ஏழு நாள், பூட்டு, சீல் என்றெல்லாம் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தேழு என்றதும் என்னை நிறுத்தினார்.

"இருவத்தேழு பேரா? எங்க வச்சு?"

"இங்கதான். ஞாயித்துக்கிழமை நான் பாத்தேனே."

"சார், கோவப்படாதிய. ஒரே ஒரு நிமிசம் உள்ள வந்து நின்னு பாத்துட்டுப் போங்க."

இந்த முறை போனேன். பத்தடிக்கு ஒன்பதடி அறை. ஒரு பக்கம் செங்கல் வைத்து உயர்த்திய கட்டில், அதன் கீழே பெட்டி, குடும்பத்தாரின் செருப்புகள். இன்னொரு பக்கம் தையல் மெஷின், மண்ணெண்ணெய் அடுப்பு, பாத்திர அலமாரி. நடுவில் மிச்சம் இருந்த இடத்தில் நான் நின்றதும் ஞானப்பூ கட்டிலோரம் நகர வேண்டியிருந்தது. அங்கே இருபத்தேழு பேரை நிறுத்த வேண்டுமென்றால் ஒருவர் தோளில் ஒருவரை ஏற்றி மூன்று அடுக்காக நிறுத்த வேண்டும்.

"எங்க வீட்டுல நாங்க அஞ்சு பேர். நானு, அவிய, ரெண்டு பொம்பளப் பிள்ளைய, அவிய தம்பி. வெளியேருந்து வாரது ஏழு பேர். அதுக்கே ரெண்டு பேர் கட்டில்ல ஏறி உக்காருவாவ" என்றார் ஞானப்பூ.

"அப்போ அவ்வளவு செருப்பு?"

அவர் வாசலில் நின்று, "மைமூனக்கா, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார்.

எதிர் அறையிலிருந்து ஒரு முஸ்லிம் அம்மாள் வந்தார். ஞானப்பூவைப் போல அவரும் திருநெல்வேலிப் பக்கம், மேலப்பாளையம். அந்தச் சந்துக் குழாயடிக்கு அவர்தான் ராணி என்று பார்த்ததுமே தெரிந்தது.

"தண்ணி பத்து மணிக்குத்தான் வரும் சார். முன்னாடி எல்லாரும் குடத்த வச்சு எடம் புடிப்பாளுவ. ஒருத்தி அஞ்சு கொடம் வைப்பா, இன்னொருத்தி அதத் தூக்கி எறிவா, தெனம் மண்ட ஒடையும். நான்தான் சட்டம் போட்டேன். கொடம் கெடையாது. வீட்டுக்கு ஒரு செருப்பு. அதும் ஒத்தச் செருப்பு."

"ஏன் ஒத்தை?"

"ஜோடியா வச்சா களவு போயிரும்லா. ஒத்தச் செருப்ப எவன் எடுப்பான்?" என்றார் மைமூன்.

"இந்தக் குழாய்க்கு எத்தனை வீடு?"

"நாப்பது."

நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ஐம்பத்து நான்கில் நாற்பது போனால் பதினாலு. பதினாலு என்றால் ஏழு ஜோடி. ஏழு பேர். அவ்வளவு துல்லியமாக எண்ணியவன், ஒரு செருப்புக்காவது ஜோடி இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவில்லை. தண்ணீருக்குக் காத்திருந்த நாற்பது வீட்டை, இந்துவும் முஸ்லிமுமாக, மொத்தமாக ஜெபக் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன். மைமூன் அக்காவின் செருப்பும் அதில் உண்டு.

"என்னையும் கிறிஸ்தவ வேதத்துல சேத்துட்டியளா சார்?" என்று அவர் கேட்க, ஞானப்பூ சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் ஞானப்பூ நோட்டீஸை என் பக்கம் நீட்டினார். "அப்ப இதத் திருப்பி எடுத்துக்கிடுவியளா?"

முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. கையெழுத்தான நோட்டீஸ் அது. கொடுத்தவன் எடுக்க முடியாது.

"பதினாறு வருசமா இந்த ரூம்லதான் சார் கெடக்கோம். ரெண்டு பிள்ளையளும் இங்கதான் பெறந்துது. சீல் வச்சிட்டா ரோட்டுலதான் படுக்கணும்" என்றார். அழவில்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். "போன வாரம் போலீஸ்காரர் வந்து பேர் எழுதினதுலேர்ந்து ரெண்டு பேர் இனி வரலன்னுட்டாவ. இப்ப இது. இனி வாய அசைக்காம, மனசுக்குள்ள ஜெபம் பண்ணிக்கிடுதோம். அதும் குத்தமாவுமா சார்?"

அன்று அவர் கொடுத்த காப்பியைக் குடித்தேன். கருப்பட்டிக் காப்பி.

மறுநாள் காலை முதல் வேலையாக சாஹேபிடம் போய் நடந்ததைச் சொன்னேன். செருப்புக் கதையைக் கேட்டு அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்:

"சரி, இருபத்தேழு இல்லை. வெளியிலிருந்து ஆள் வருகிறார்களா?"

"ஏழு பேர் வருகிறார்கள்."

"வாராவாரம் வருகிறார்களா?"

"ஆமாம்."

"பாட்டு உண்டா?"

"உண்டு."

"அப்புறம் என்ன? வழிபாட்டு இடம்தான். ஏழோ இருபத்தேழோ, மேலே கேட்கிறார்கள், நாம் கொடுக்கிறோம். முதல் ரிப்போர்ட்டில் நேரில் கண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். இப்போது வேறு கண்ணால் கண்டேன் என்று எழுதினால், உன் எந்தக் கண்ணை நம்பி வேலையை நிரந்தரம் பண்ணுவது?" அவர் மிரட்டவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்து, ஆபீஸுக்கு வரும் காகிதங்களைப் பதிந்து நம்பர் போடும் இன்வர்டு பிரிவில் உட்கார்ந்தேன். அங்கே இருந்த தலைமை கிளார்க்கின் பெயரை எழுத மாட்டேன். தன் பெயர் எந்தக் காகிதத்திலும் வந்துவிடாமல் முப்பது வருஷம் வேலை பார்த்த மகான் அவர். என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டார்.

"சாஹேப் மேஜையில் நேராகக் கொண்டுபோய் வைத்தால் அது உன் அபிப்பிராயம். கிழித்துப் போடலாம். இங்கே இன்வர்டு நம்பர் விழுந்தால் அது ஆபீஸ் பேப்பர். யாராவது ஒருவர் அதற்குப் பதில் எழுதித்தான் தீர வேண்டும்" என்றார். உடனே பேனாவை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "இன்னும் நிரந்தரம் ஆகாதவன்தானே நீ? திங்கட்கிழமை வா. இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறவன் எழுதினதைத்தான் நான் வாங்குவேன்."

யோசித்தேன். யோசித்ததில் ஒன்றுதான் தெளிவானது: எண்ணிக்கையைத் திருத்தினால் மட்டும் அந்த அறை தப்பாது. சாஹேபின் மூன்று கேள்விகளுக்கும் பதில் அப்படியே இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் பஜனை. சனிக்கிழமைதோறும் உண்டு, நான் பிறப்பதற்கு முன்பே அப்பா ஆரம்பித்தது. ஹார்மோனியம், மிருதங்கம், ஜால்ரா, கடைசியில் சுண்டல். கூடம் கொள்ளாமல் மாடிப்படியில் உட்கார்ந்து பாடுவார்கள். எங்கள் ஆபீஸ் டெபுடி, அதாவது சாஹேபுக்கும் சாஹேப், அவரும் தமிழர்தான். தவறாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து உச்ச ஸ்தாயியில் பாடுவார். ஸ்ருதி சேராது. சுண்டலை மட்டும் இரண்டு முறை வாங்கிக்கொள்வார்.

நான் சுண்டல் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். சாஹேபின் குரல் காதில் கேட்டது போல இருந்தது. வெளியிலிருந்து ஆள் வருகிறார்களா? ஐம்பது பேர். வாராவாரமா? இருபத்தைந்து வருஷமாக. பாட்டு உண்டா? அடுத்த தெரு வரைக்கும் உண்டு. எங்கள் வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் பெயர் எழுத வந்ததில்லை. ஓர் இன்ஸ்பெக்டர் எண்ண வந்ததில்லை. ஓர் இன்ஸ்பெக்டர் அந்த வீட்டிலேயே குடியிருந்தும் அவனுக்கே தோன்றியதில்லை. கையில் இருந்த பொட்டலம் பிரிந்து சுண்டல் கொட்டிவிட்டது. "கையில எலும்பு இல்லையா நோக்கு?" என்று அம்மா திட்டினாள்.

திங்கட்கிழமை இரண்டு பாராவில் ரிப்போர்ட் எழுதினேன். முதல் பாரா: நான் அந்த வீட்டுக்குள் போகவில்லை, வாசலில் இருந்த செருப்புகளை எண்ணினேன், அவற்றில் நாற்பது குழாயடி வரிசைக்கு வைத்தவை, தப்பு என்னுடையது. இரண்டாவது பாரா: இதே வார்டில், மாட்டுங்காவில், இன்ன கட்டடம், இன்ன மாடியில், சனிக்கிழமைதோறும் ஏறக்குறைய ஐம்பது வெளியார் கூடி வாத்தியங்களோடு வழிபாடு நடத்துகிறார்கள். அனுமதி பெறவில்லை. இதையும் நேரில் கண்டேன், உள்ளே இருந்து. விதி ஒன்றுதான் என்றால் இந்த வீட்டுக்கும் ஏழு நாள் நோட்டீஸ் தர வேண்டும். குடியிருப்பவர் என் தகப்பனார்.

தலைமை கிளார்க் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். "முதல் பாரா போதாதா?"

"போதாது."

முத்திரையை எடுத்து மை தொட்டு, மேஜையே அதிர ஒரு குத்துக் குத்தினார். அவருடைய முப்பது வருஷ சர்வீஸில் அவ்வளவு சத்தமாக யாரும் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார்கள்.

ஒரு மணி நேரத்தில் சாஹேப் கூப்பிட்டார். காகிதம் அவர் முன்னால் இருந்தது.

"உன் வீடா இது?"

"ஆமாம் சார்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது."

"டெபுடி சாஹேப் போகிற வீடு இதுதானே? அவர் பெயரை எழுதியிருக்கிறாயா?"

"இல்லை சார். ஏறக்குறைய ஐம்பது பேர் என்றுதான் எழுதியிருக்கிறேன். அதில் அவர் ஒருவர்."

அவர் நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நம்பரைப் பார்த்தார். கிழிக்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. இரண்டு வீட்டுக்கும் நோட்டீஸ், அல்லது இரண்டுக்கும் இல்லை; நடுவில் வழி இல்லை. ஃபைலை மூடி, தானே கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். போகும்போது, "நீ கெட்டிக்காரனா முட்டாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை" என்றார். எனக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் சொல்லிவிட்டேன். வேறு யாராவது சொல்லி அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"நம்மாத்துக்கு நோட்டீஸ் குடுன்னு நீயே எழுதிருக்கியா?"

"ஆமாம்ப்பா."

நான் கண்டபடி திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அப்பா கேட்டார்: "நோட்டீஸ் வந்தா எத்தனை நாள் டயம்?"

"ஏழு நாள்."

"ஏழு நாள்ல எங்கேடா போறது? இத்தனை சாமானோட?" என்றவர், சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அந்தம்மாக்கும் ஏழு நாள்தான் குடுத்திருக்கியா?"

"ஆமாம்."

"எழுதினது சரிதான். சாப்பிட வா" என்று எழுந்தார். என் சர்வீஸில் மேலதிகாரிகள் என்னைப் பற்றி எழுதிய கான்ஃபிடன்ஷியல் ரிப்போர்ட்டுகளில் அதற்கு மேல் ஒன்று கிடைத்ததில்லை.

புதன்கிழமை ஃபைல் மாடியிலிருந்து இறங்கியது. டெபுடி தன் கையால் ஒரே வரி எழுதியிருந்தார்: குடியிருப்பவர் தம் வீட்டில் தமக்கு வேண்டியவர்களோடு வழிபடுவது உபயோக மாற்றம் ஆகாது, இரண்டு வீட்டுக்கும் நடவடிக்கை தேவையில்லை. அந்தச் சனிக்கிழமையும் பஜனைக்கு வந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சுண்டல் மட்டும் வழக்கம் போல இரண்டு முறை. என் வேலை நிரந்தரம் ஆவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. தப்பான ரிப்போர்ட் எழுதியவனுக்கு அது குறைச்சலான தண்டனைதான். வருத்தம் வேறு. பட்டியலில் மற்ற வீடுகளும் இருந்தன. செம்பூரில், வடாலாவில், எங்கெங்கோ. அவை என்ன ஆயின என்று நான் விசாரிக்கவில்லை. என் ஃபைல் முடிந்தது என்று இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம்.

உத்தரவு டைப் ஆகிக் கையெழுத்தாகி என் கைக்கு வர வியாழக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. ஏழாவது நாள். ஓட்டமும் நடையுமாகப் பாலத்தைத் தாண்டினேன். சந்தில் திரும்பியதும் நின்றுவிட்டேன். ஞானப்பூவின் வாசலில் நாலு கோணி மூட்டைகள். பாத்திரங்களைக் கட்டி வெளியே வைத்திருந்தார்கள். தையல் மெஷினைக் கழற்றித் தலை வேறு கால் வேறாக மைமூன் வீட்டுச் சுவரில் சாய்த்திருந்தார்கள். தேவசகாயம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, சட்டென்று துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அக்கம்பக்கத்தார் எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். பூட்டு எங்கே என்று.

"சீல் இல்ல. ஒண்ணும் கிடையாது. நீங்க இங்கயே இருக்கலாம்" என்று தூரத்திலிருந்தே சொன்னேன். குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது.

யாரும் உடனே நம்பவில்லை. காகிதத்தைத் தமிழில் மெதுவாக இரண்டு முறை படித்துக் காட்டினேன். மூன்றாவது முறை தேவசகாயம் தானே வாங்கி, படிக்கத் தெரியாத இங்கிலீஷை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். பிறகு ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். பிள்ளைகள் பின்னாலேயே தட்டுமுட்டுகளை எடுத்துக்கொண்டு ஓடின. மைமூன் அக்கா, "மிஷின எடுங்க, எங்க வீட்டுல நடக்க எடமில்ல" என்று அதட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஞானப்பூ மட்டும் என் எதிரிலேயே நின்றார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப இனிமே பாடலாமா சார்?"

'பாடலாம்மா, தாராளமா பாடுங்க' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நமக்கு அது பழகிய வார்த்தை. கட்டலாம், திறக்கலாம், நடத்தலாம் என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, கொடுப்பதற்கு நம்மிடம் எல்லாம் இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. நல்ல வேளையாக வாயை மூடிக்கொண்டேன்.

"அத எங்கிட்ட கேக்கக் கூடாதும்மா. அதச் சொல்ல நான் யாரு?"

"அதும் சரிதான். பழக்கத்துல கேட்டுட்டேன் சார்" என்றார்.

இரண்டு வாரத்துப் பழக்கம். அதைப் பழக்கிவிட்டவர்களில் நானும் ஒருவன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றி, எப்படிச் சொல்வது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அதற்குள் வீட்டுக்குள்ளே, பாத்திரங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்த அவருடைய சின்ன மகள், யாரையும் கேட்காமல் உரக்கப் பாட ஆரம்பித்துவிட்டாள்.